ஒரே டப்பாவில் கலந்த மாத்திரைகள்

என் தம்பி காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று ஒரு மாத்திரை விழுங்குகிறான். காலை மாத்திரையை அவன் வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, தலையைப் பின்னால் சாய்த்து விழுங்குவதைப் பார்ப்பதற்காகவே நான் வாரத்தில் ஒருநாள் எங்கள் ஊர் நகரியில் முதல் பஸ் பிடித்துத் திருப்பதிக்குப் போகிறேன். தம்பிமேல் அக்காவுக்கு எவ்வளவு பாசம் பாருங்கள் என்று அவனுடைய அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் எதிர்வீட்டு அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். சொல்லட்டும். நான் பாசத்துக்காகப் போகவில்லை என்பது எனக்கும் தம்பிக்கும் தெரியும்.

அந்த மாத்திரை இன்று எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கிறது. இதயத் தசை தளர்ந்து போனவர்களுக்கு டாக்டர்கள் சாதாரணமாக எழுதிக் கொடுக்கிறார்கள். ஒருகாலத்தில் அது ஆராய்ச்சி மருந்தாக இருந்தது. வேலை செய்யுமா செய்யாதா என்று சாப்பிட்டுப் பார்க்க ஒப்புக்கொண்டவர்களில் எங்கள் நைனாவும் ஒருவர். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவை அந்த ஆராய்ச்சியிலிருந்து வெளியே தள்ளியவன் இந்தத் தம்பி. இப்போது அதையே அவன் விழுங்குகிறான். இதைப் பார்க்க பஸ் ஏறமாட்டேனா?

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு இரண்டு பவர்லூம் தறி வைத்திருந்தார் நைனா. அம்மா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் உள்ளூர்த் தமிழ்ப் பள்ளியில் வாத்தியாரம்மா. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பையன் கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஐதராபாத், பெங்களூர் என்று கிளம்பினான். அதில் கெட்டிக்காரர்கள் அமெரிக்கா போனார்கள். என் தம்பி கெட்டிக்காரன். அவன் போன மறுநாள் நைனா தெருமுனை டீக்கடையில் உலக வரைபடத்தைப் பார்த்தவர்போல் நேரவித்தியாசம் பற்றியெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்.

நைனாவுக்கு மாரடைப்பு வந்தது தறி ஓடிக்கொண்டிருந்தபோது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் கூப்பிட்டது சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்து ஷெட் மாமாதான் ஒரு தறி நின்றதையும் மறுபடி ஓடாததையும் கவனித்து வந்து பார்த்தார். மாமா என்று கூப்பிடுவோமே தவிர உறவு ஒன்றும் கிடையாது. இரண்டு ஷெட்டுக்கும் நடுவில் ஒரு சுவர், அவ்வளவுதான். அவரும் ஏற்கெனவே இதய நோயாளி. ஆகவே யாரை எங்கே தூக்கிக்கொண்டு ஓடவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. புத்தூரில் ஒரு ஊசி போட்டு, அங்கிருந்து திருப்பதியில் அவருக்குப் பழக்கமான ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

ரத்தக் குழாய் அடைப்பை எடுத்தார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் ரத்தம் போகாமல் கிடந்த நேரத்தில் இதயத் தசையில் ஒரு பெரிய பகுதி செத்துவிட்டது, மீதியும் தளர்ந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். நைனா அதைத் தன் பாஷையில் மாற்றிக்கொண்டார். "மோட்டாரு ஓடிக்கினுதான் கீது. பெல்ட்டு லூசாப் போச்சு" என்று பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் விளக்கினார்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் பெல்ட் லூசானால் என்ன ஆகும் என்று பார்த்தேன். கால் வீங்கியது, விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் தலையணை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்கினார். எல்லாவற்றையும்விட எனக்குத் தாங்காமல் போனது அவர் குரல் போனதுதான். தறிக்காரர்கள் எல்லோரும் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பழகியவர்கள். நைனா சாப்பிடக் கூப்பிட்டால் இரண்டு தெருவுக்குக் கேட்கும். அவர் இப்போது ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில் சொன்னார்.

அப்போதுதான் டாக்டர் அந்த ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். டாக்டருக்கு அப்போது நடுவயது. கோபமே வராத மனிதர். வழக்கமான மாத்திரைகள் எல்லாம் எப்போதும்போல் தொடரும். அதற்கு மேல் ஒரு புது மாத்திரை. பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு அதேபோல் தோற்றமுள்ள, மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று ஆராய்ச்சி முடியும்வரை ஒருவருக்கும் தெரியாது. தெலுங்கில் பொறுமையாக இரண்டு தடவை சொன்னார்.

நைனா கேட்டார்: "மீகு கூடா தெலீதா?"

உங்களுக்குமா தெரியாது என்று கேட்கிறார். டாக்டர் சிரித்து, எனக்கும் தெரியாது என்றார். நைனாவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. எல்லாம் தெரிந்ததுபோல் பேசும் ஆட்களையே பார்த்துச் சலித்தவர். நைனாவும் மாமாவும் ஒரே நாளில் சேர்ந்தார்கள். ஆளுக்கொரு மாத்திரை பாட்டில் வாங்கிக்கொண்டு திருச்சானூருக்கு ஷேர் ஆட்டோவில் போய் அம்மாவாரைக் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். மாதாமாதம் அப்படித்தான். ஆஸ்பத்திரி, திருச்சானூர், பஸ். இரண்டு கிழவர்களும் பள்ளிக்கூடம் போவதுபோல் தலைவாரிக்கொண்டு கிளம்புவார்கள்.

அவர்கள் செய்த காரியம் எனக்குச் சில வாரம் கழித்துத்தான் தெரிந்தது. காலையில் மாமா சுவரோரம் வந்து கூப்பிடுவார். நைனா ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்துக்கொண்டு போவார். இருவரும் அதிலிருந்து ஆளுக்கொரு மாத்திரை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள், இரவிலும் அப்படியே. இரண்டு பாட்டிலையும் அந்த டப்பாவில் கொட்டிக் கலந்து வைத்திருந்தார்கள்!

எங்கள் ஊரில் தறி வைத்திருப்பவர்கள் யாரும் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரே சேலைக்கு வாங்கிய நூலில் சில சமயம் இரண்டு சாயம் வந்துவிடும். ஒன்று கொஞ்சம் தூக்கல், ஒன்று கொஞ்சம் மட்டு. ஒரு தறிக்கு இது, மறு தறிக்கு அது என்று பிரித்துப் போட்டால் ஒருவன் சேலை தேறும், இன்னொருவன் சேலை தள்ளுபடியாகும். அதனால் இரண்டு ஷெட்டும் பேசிக்கொண்டு இரண்டு நூலையும் கலந்து ஓட்டுவார்கள். எல்லாச் சேலையும் ஒரே மாதிரி வரும், யாருக்கும் நஷ்டமில்லை. இருவரும் மாத்திரைக்கும் அதையே செய்துவிட்டார்கள்.

"ஒருத்தனுக்கு நெஜம், ஒருத்தனுக்கு டூப்புனு வந்துட்டா இன்னா பண்றது?" என்றார் மாமா. "நானு துன்னுட்டு பொழச்சிக்கினு, உங்க நைனா செத்துட்டாருன்னா நான் அந்த செவுத்துக்கு இந்தாண்ட எப்டிம்மா குந்தியிருக்கறது? இப்ப பாரு, கெடச்சது ரெண்டு பேருக்கும் பாதி பாதி."

இது தப்பு, ஆராய்ச்சி கெட்டுவிடும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "யாருக்கும் தெரியாதுன்னு டாக்டரே சொல்லிக்கீறாரு. தெரியாததுல இன்னாத்த கெடுக்கறது?" என்றார் நைனா.

எது எப்படியோ, நைனா தேறினார். கால் வீக்கம் வடிந்தது. தலையணை ஒன்றொன்றாகக் குறைந்து நேராகப் படுத்தார். காலையில் பஸ் ஸ்டாண்டு வரை நடந்துபோய் டீ குடித்துவிட்டு வந்தார். உப்பில்லாத ரசத்தைத் திட்டிக்கொண்டே குடித்தார். ஒருநாள் நான் பள்ளியிலிருந்து வரும்போது தெருவில் கால் வைத்ததுமே அவர் சத்தம் கேட்டது. தறி ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்கு மேல் மாமாவைப் பார்த்து எதற்கோ கத்துகிறார். நான் தெருவிலேயே நின்று கேட்டேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வருஷம்தான் தம்பி குழந்தைக்கு மலையில் மொட்டை அடிப்பதற்காக வந்தான். பெட்டி பெட்டியாக வந்து இறங்கினான். எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்காமல் பாட்டில் தண்ணீரில் வாய் கொப்பளித்தான். நைனா அவனுக்குப் பெருமையாகக் காட்டியது என்ன தெரியுமா? அந்த டப்பாவைத்தான். "பாத்தியா எங்க மூளைய!" என்று கலந்து வைத்த கதையை மாமாவும் அவருமாகச் சொன்னார்கள். தம்பியும் சிரித்தான். நான் அருகில்தான் இருந்தேன். நன்றாகவே சிரித்தான்.

மலையிலிருந்து இறங்கிய மறுநாள் நைனாவுக்கும் மாமாவுக்கும் ஆஸ்பத்திரி நாள். தம்பி வாடகைக் காரில் எல்லோரையும் அழைத்துப்போனான். டாக்டர் அறையில் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டு, இங்கிலீஷில் ஆரம்பித்தான். என் வேலையே டேட்டாதான் என்றான். இந்த இரண்டு பேருடைய டேட்டா கெட்டுப்போய்விட்டது, உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன் என்றான். டப்பா கதையை, எங்கள் வீட்டில் சிரித்த அதே சிரிப்போடு, டாக்டருக்கு ஒப்பித்தான்.

அவன் நியாயத்துக்காகச் சொல்லவில்லை. நியாயத்துக்காகச் சொல்கிறவன் நைனாவிடம் முதலில் சொல்லியிருப்பான். தனக்கு எவ்வளவு தெரியும் என்று ஒரு டாக்டருக்குக் காட்ட அவனுக்கு நைனா கிடைத்தார். இதை நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன், மாற்றிக்கொள்வதாக இல்லை.

நைனாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் மகன் பேசப் பேச டாக்டரின் முகம் மாறுவதைப் பார்த்தார். "டப்பா" என்ற வார்த்தையும் கேட்டது. கையை மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்தார். டாக்டர் கோபப்படவில்லை. விதி அப்படி, இனி உங்கள் இருவருக்கும் ஆராய்ச்சி மாத்திரை தரமுடியாது, ஆனால் மற்ற மாத்திரைகளைத் தொடருங்கள், மாதாமாதம் வழக்கம்போல் வாருங்கள், நான் பார்க்கிறேன் என்று கையைப் பிடித்துச் சொன்னார். நைனா டப்பாவையும் மீதி மாத்திரைகளையும் மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார். அன்று திருச்சானூருக்கும் போகவில்லை.

காரில் தம்பி சொன்னான்: "டேட்டா கெட்டுப்போச்சுன்னா இன்னாக்கா பண்ண முடியும்? அப்புறம் எதுவுமே தெரியாம பூடும்." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த வார்த்தைகளை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

அவன் அமெரிக்கா போய்விட்டான். நைனா மறுபடி அந்த ஆஸ்பத்திரிப் படி ஏறவில்லை. நான் கெஞ்சினேன், திட்டினேன், சோறு ஆக்காமல் இருந்தேன். "திருடன்னு தெரிஞ்சப்புறம் அந்த மனுசன் மூஞ்சில எப்டி முழிக்கறது?" என்றார். மாமா மட்டும் அடுத்த மாதமே தலைவாரிக்கொண்டு கிளம்பினார். "இன்னா, கொலையா பண்ணிட்டோம்? நட, போலாம்" என்று சுவரோரம் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தனியாகப் போனார். அதற்குப் பிறகு அவர் பல வருஷம் இருந்தார்.

நைனா பழைய மாத்திரைகளைக் கடையில் வாங்கி, நினைத்தால் போட்டுக்கொண்டார், நினைத்தால் விட்டார். உப்பும் ஊறுகாயும் திரும்பி வந்தன. கால் வீங்கியது. தலையணைகள் சுவரோரம் ஏறின. குரல் இறங்கியது. ஒருநாள் காலையில் தறியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார். இந்தத் தடவை தறி நிற்கவில்லை. அதனால் மாமாவுக்குத் தெரியவில்லை.

தம்பி எல்லாம் முடிந்தபிறகு வந்தான். கொள்ளியும் நான் ஏற்பாடு செய்த பெரியப்பா மகன்தான் வைத்தான். டப்பா விஷயத்தைப் பற்றித் தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்த நாளிலிருந்து நான் காத்திருந்தேன். எதற்கென்று எனக்கே தெரியாது. சாமி கும்பிடும்போது எல்லோரும் நல்லா இருக்கணும் என்று கேட்பேன் அல்லவா, அந்த எல்லோரில் ஒருவனை விட்டுவிட்டுத்தான் கேட்பேன்.

அவனுக்கும் அதேதான் வந்தது. எங்கள் வீட்டு ரத்தம். அமெரிக்காவில் ஒரு கடை வாசலில் மாரடைப்பு, குழாயில் அடைப்பு, இதயத் தசை தளர்ச்சி. வேலையை விட்டான். மனைவிக்கு அங்கே வேலை, குழந்தைக்கு அங்கே காலேஜ். ஆராய்ச்சியெல்லாம் முடிந்து அந்த மாத்திரை நல்ல மருந்துதான் என்று தெரிந்து கடைக்கு வந்திருந்தது. டாக்டர்கள் அவனுக்கு அதை எழுதிக் கொடுத்தார்கள். அதோடு திருப்பதிக்கு வந்து திருச்சானூர் ரோட்டில் ஃபிளாட் வாங்கித் தனியாக உட்கார்ந்தான்.

முதல் தடவை போனபோது கட்டிலில் தலையணை அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். எனக்குள் ஒரு குளிர்ச்சி. நைனாவுக்கு வைத்த அதே உப்பில்லாத ரசத்தை வைத்துக் கொடுத்தேன். முகம் சுளித்தான். "துன்னு. நைனா இதத்தான் துன்னாரு" என்றேன். அதோடு எனக்குப் போதவில்லை. அவனை ஒரே போடாகப் போடுவதற்கு ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. நைனா டப்பாவில் இருந்தது நிஜ மருந்து என்ற வார்த்தை. அது மட்டும் கிடைத்தால், 'நீ இப்ப முழுங்கறயே, இதத்தான்டா அவர் வாயிலிருந்து பிடுங்கினே' என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

ஆராய்ச்சி முடிந்தபின் யாருக்கு எது என்று திறந்து பார்த்திருப்பார்களே என்று தோன்றியது. டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். என்னை அடையாளம் தெரியவில்லை. "டப்பா" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. அவரால் அவர்களை மறக்கவே முடியவில்லையாம். யாருக்கு எந்த மாத்திரை என்ற ரகசியத்தை ஆராய்ச்சி முடிந்து உடைத்த அன்றைக்கு அவர் முதலில் தேடிப் பார்த்தது இந்த இரண்டு பேரைத்தான் என்றார். தெலுங்கில் பேசினார், நான் தமிழில் எழுதுகிறேன்.

"இரண்டு பேருக்கும் வெறும் மாத்திரைதானம்மா வந்திருக்கிறது. கலந்ததில் ஒன்றும் மாறவில்லை."

அப்படியென்றால் நைனா தேறியது எப்படி என்று கேட்டேன்.

"மற்ற மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டார். உப்பைக் குறைத்தார், நடந்தார். மாதாமாதம் என்னிடம் வந்தார், நான் அளவைக் கூட்டிக் குறைத்தேன். அதற்கெல்லாம் பலன் உண்டம்மா. வராமல் நின்றதுதான் தப்பாகிவிட்டது. நானே ஒரு தடவை உங்கள் ஊருக்கு வந்து கூப்பிட்டிருக்கலாம்" என்றார்.

பஸ்ஸில் வரும்போது முதலில் ஏமாற்றமாக இருந்தது. வாங்கப் போன கத்தி கிடைக்கவில்லை. தம்பி பிடுங்கியது மாவு மாத்திரை. புத்தூர் தாண்டும்போது வேறு மாதிரி யோசனை ஓடியது. மாத்திரை போனதால் நைனா சாகவில்லை. வெட்கத்தால் ஆஸ்பத்திரியை விட்டார், விட்டதால் செத்தார். அந்த வெட்கத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தவன் தம்பிதான். ஆனால் அது அவனுக்கு ஏறாது. அவன் கணக்கில் மருந்து உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். வெறும் மாத்திரை என்று சொன்னால், அப்போ என்மேல் தப்பில்லை என்று அன்றைக்கே நேராகப் படுத்துத் தூங்கிவிடுவான்.

அடுத்த வாரம் போனேன். ரசம் வைத்தேன். மாத்திரை வேளை வந்தது. அவன் அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அதைப் பற்றி வாயைத் திறந்தான்.

"அக்கா, நைனா துன்னது நெஜ மாத்திரையா, டூப்பா? உனக்குத் தெரியுமா? இத்த முழுங்கறப்பல்லாம் எனக்கு அதே நெனப்பு. தூக்கமே வர்ல."

என் தம்பியின் கண் நிறைந்திருந்தது. அம்மா செத்த அன்று என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றானே, அதே கண். அவனைத் தூங்கவைக்கிற ஒரு வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. தெருவில் நின்று நைனாவின் சத்தத்தைக் கேட்டது ஞாபகம் வந்தது. பிறகு டாக்டர் மேஜைமேல் அந்த டப்பாவை வைத்த கை ஞாபகம் வந்தது.

"எப்டிரா தெரியும்?" என்றேன். "டேட்டாதான் கெட்டுப்போச்சே. அப்புறம் எதுவுமே தெரியாம பூடும்னு நீதான சொன்ன."

நான் தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன். மாத்திரையை வாயில் போட்டான், தலையைச் சாய்த்தான், அது தொண்டையில் இறங்கும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.